கொல்லைப்புறத் தச்சுப் பட்டறை: பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள்



அண்ணன் தம்பி இருவராகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் இளையவரின் வலக்கைக் கலிமா விரலில் நுனிக் கணு இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம் கார்க் கதவில் நசுங்கிவிட்டது என்று சொல்லி வந்தோம். அது பொய். எங்கள் வீட்டுக் கொல்லையில், நாங்களே கட்டிய தச்சுப் பட்டறையில், நாங்களே செய்த மேசையில் அந்த விரல் போயிற்று. வெட்கத்தால் சொன்ன அந்தப் பொய் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கைவரை சென்றிருக்கும், அல்லாஹ் காப்பாற்றினான். ஆகவே நடந்தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவது எங்கள்மீது கடமை என்று எண்ணுகிறோம்.

சபர் முடித்துக்கொண்டு ஊரோடு தங்கிவிட்டவர்கள் நாங்கள். இருவருக்குமே மரவேலையில் சிறுவயது முதல் ஆசை உண்டு. பாட்டனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு அலமாரியைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆசை இருந்ததே தவிர, யாரிடமும் உட்கார்ந்து கற்றதில்லை. கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்தோம். இணையத்தில் கருவிகளை வரவழைத்தோம். கிணற்றடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டோம். அதுவே பட்டறை.

ஈர மரம்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எங்கள் பகுதியைச் சூறையாடிச் சென்றது. விடிந்து பார்த்தபோது முத்துப்பேட்டையைச் சுற்றியிருந்த தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. அலையாத்திக் காடும் தப்பவில்லை. எங்கள் கொல்லையில் வாப்பா நட்டு வளர்த்த வேம்பு, கிணற்றுச் சுவரை இடித்துக்கொண்டு வேரோடு சாய்ந்திருந்தது. வாப்பா மவுத்தாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விறகு வியாபாரி வந்து விலை பேசியபோது உம்மா குறுக்கிட்டார்கள்.

"விறகுக்குப் போட்டுடாதீங்க. அவுங்க கையால நட்ட மரம். ஓதுற புள்ளைகளுக்கு ஏதாவது ஆகட்டும்."

அந்த நிமிடமே முடிவு செய்தோம். எங்கள் தெரு மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்கு, குர்ஆனை வைத்து ஓதும் ரிஹால் பலகைகள் இருபது செய்து கொடுப்பது. வாப்பாவுக்கு அது ஸதக்கத்துல் ஜாரியாவாக அமையட்டும். எதிர்வரும் நோன்புக்கு முன்பே தருவதாக உஸ்தாதிடம் வாக்கும் கொடுத்துவிட்டோம்.

மில்லில் மரத்தை அறுத்துக் கொடுத்தவர், "நல்லாக் காயணும் பாய், ஒரு வருசமாவது நெழல்ல போட்டு வையுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தோம். 2019 மே முதல் வாரத்தில் நோன்பு தொடங்க இருந்தது. ஒரு வருடத்துக்கு எங்கே போவது? பலகைகளைச் சில வாரம் மொட்டை மாடி வெயிலில் பரப்பினோம். மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்ததாகத் தோன்றியது. உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறிபோல் வைத்து, இரும்புக் கீல் முடுக்கி, வார்னிஷ் அடித்து, ஷஃபான் மாதக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மரத்திலுள்ள நீர் வெளியேறும்போது மரம் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் ஈரப் பலகை ஓடுபோல் வளைகிறது. இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டோம். அப்போது தெரிந்தது ஒன்றுதான்: நோன்பு பதினைந்தைத் தாண்டியபோது எங்கள் ரிஹால்கள் ஒவ்வொன்றாக வளையத் தொடங்கின. மே மாத வெப்பத்திலும் மின்விசிறிக் காற்றிலும் கீலின் திருகாணிகள் பிடி தளர்ந்தன. ஒரு நாள் காலை, ஓதிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தியின் ரிஹால் விரிந்து விழுந்து, முஸ்ஹஃப் தரையில் சரிந்தது.

அந்தப் பிள்ளை அதை வாரி எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தான் செய்த தவறென்று எண்ணி அழுதிருக்கிறாள். உஸ்தாத் எங்களைக் குறை சொல்லவில்லை. "ஒன்றிரண்டு ஆடுது, பார்த்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அன்று லுஹருக்குப் பின் இருபதையும் திரும்ப எடுத்து வந்தோம். உம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கொட்டகையில் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினோம். இந்தப் பட்டறையில் நாங்கள் முதலில் ஒளித்தது அதைத்தான்.

எண்ணெய்த் துணி

அந்த ஆண்டுக் கடைசியில் பாட்டனாரின் அலமாரிக்கு மெருகேற்ற எண்ணி ஆளிவிதை எண்ணெய் வாங்கினோம். இஷாவுக்கு முன் வேலையை முடித்து, துடைத்த துணிகளைச் சுருட்டி, இழைத்த சுருள்கள் கிடந்த மூலையில் எறிந்துவிட்டுப் போனோம்.

தஹஜ்ஜுத்துக்கு எழுந்த உம்மா, புகை நாற்றம் அடிக்கிறதென்று எங்களை எழுப்பினார்கள். ஓடிப் பார்த்தால் துணிக் குவியல் தானாகக் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்துச் சுருள்களில் தீ பற்றத் தொடங்கியிருந்தது. கிணறு பக்கத்திலேயே இருந்தது. நான்கு வாளித் தண்ணீரில் முடிந்தது. பத்து நிமிடம் தாமதித்திருந்தால் தின்னர் டப்பாக்களை எட்டியிருக்கும். அதற்கு அடுத்த சுவர் சமையற்கட்டு. அங்கே எரிவாயு உருளை.

யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, பீடி பிடிக்கவில்லை. எப்படிப் பற்றியது? ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்து, சில மணி நேரத்தில் தீயாகிவிடும். அந்த எண்ணெய் பட்ட துணியைத் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும். இல்லையேல் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்த வேண்டும். வீட்டில் கதவு, கட்டிலுக்குத் தாமே மெருகு போடும் சகோதரர்கள் இதை மட்டுமாவது மறவாதீர்கள்.

தூளும் அண்டை வீடும்

2020இல் ஊரடங்கு வந்தது. வெளியே போக வழியில்லை. பட்டறையே கதியென்று கிடந்தோம். சில வாரங்களில் எங்களில் மூத்தவருக்கு வறட்டு இருமல். அந்தக் காலத்தில் இருமினால் வீடே நடுங்கும். தனியறையில் ஒதுங்கி, பரிசோதனை செய்து பார்த்தால் தொற்று இல்லை. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்ட பிறகே விளங்கியது. மெல்லிய மரத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. முகக்கவசம் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போக அஞ்சிய நாங்கள், கொட்டகைக்குள் வெறும் மூக்கோடு நின்றிருந்தோம்.

அதே நாட்களில் பக்கத்து வீட்டு மூதாட்டி உம்மாவிடம் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். கொடியில் காயும் துணியெல்லாம் தூள். பகலில் கண்ணயர முடியாத சத்தம். எங்கள் மனம் நோகக்கூடாதென்று பல மாதம் பொறுத்திருக்கிறார்கள். மக்தபுக்காகத் தானே செய்கிறோம் என்ற எண்ணம் எங்கள் காதை அடைத்திருந்தது. அண்டை வீட்டாருக்குத் துன்பம் தரும் வேலையில் நற்செயல் என்று எதைக் கணக்கிடுவது? நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க எங்க வூட்டுப் புள்ளைக தானே" என்று சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து லுஹருக்கும் அஸருக்கும் இடையில் இயந்திரம் ஓடுவதில்லை. அந்தப் பக்கத்துத் தகரத்தில் ஈரச் சாக்கும் தொங்குகிறது.

கலிமா விரல்

வேப்பம் பலகைகளில் மீதமிருந்தவை அதற்குள் நன்கு காய்ந்திருந்தன. மீண்டும் ரிஹால் செய்வது என்று தொடங்கினோம். கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஒட்டுப்பலகை மேசையின் அடியில் பொருத்தி, பல் மட்டும் மேலே தெரியும்படி ஓர் அறுவை மேசை செய்திருந்தோம். விலைக்கு வாங்கினால் பல ஆயிரம் ஆகும் என்பதால் செய்த சிக்கனம். ரம்பத்தோடு வந்த பாதுகாப்பு மூடி மேசைக்கு இடைஞ்சலாக இருந்தது, கழற்றிவிட்டோம். விசையை எந்நேரமும் அழுந்திய நிலையில் வைத்து நாடாவால் கட்டிவிட்டோம். நிறுத்த வேண்டுமானால் சுவரிலுள்ள சுவிட்சுக்குத்தான் போகவேண்டும்.

2020 ஆகஸ்டு மாதம், அஸருக்குப் பிந்திய நேரம். இன்னும் ஒரு சிறு துண்டு பாக்கி. மஃரிப் பாங்குக்கு முன் முடித்துவிடலாம் என்றோம். ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசைமேல் அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும். அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு பின்பற்களைக் கவ்வினால், அவை பலகையைத் தூக்கி நிற்பவரை நோக்கி எறிந்துவிடும். பிளவு மூடாமல் தடுக்க, முறையான இயந்திரங்களில் ரம்பத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்கும். எங்கள் மேசையில் அது இல்லை. துண்டைத் தள்ள ஒரு குச்சியும் இல்லை, விரலால் தள்ளினோம். மரம் எகிறியது. பிடிமானம் இழந்த கை ரம்பத்தின்மேல் விழுந்தது.

அதன்பின் செய்த பிழை அதைவிடப் பெரிது. துண்டான விரல் நுனியைக் கழுவி, குளிர்பெட்டியின் பனிக்கட்டிக்குள் நேராகப் புதைத்து எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் காரில் தஞ்சாவூருக்கு விரைந்தோம். பனிக்கட்டி நேராகப் பட்டுத் தசை கெட்டுவிட்டது, இனி ஒட்டவைக்க இயலாது என்றார்கள். துண்டான உறுப்பைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் பனிக்கட்டிமேல் வைக்கவேண்டுமாம். காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி கொண்டுபோக வேண்டுமாம். பட்டறை தொடங்குமுன் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்கும் செய்தி.

உம்மா அழுதுகொண்டே ஒரு கேள்வி கேட்டார்கள். "பிஸ்மி சொல்லித்தானே தொடங்குனீங்க?"

சொல்லித்தான் தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் சொன்னோம். அந்தக் கேள்வி எங்களைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. நலம் விசாரிக்க வந்த ஹஜ்ரத் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மனத்திலிருந்ததையும் கேட்டுவிட்டோம். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டு என்ற கருத்துள்ள நபிமொழியை நினைவூட்டினார்கள். பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வந்ததுதான். பிள்ளைகளின் பரீட்சைக்குச் சொல்லியிருக்கிறோம், வண்டிக்குப் பூட்டுப் போடும்போது சொல்லியிருக்கிறோம். ரம்பத்தின் மூடிதான் எங்கள் ஒட்டகத்தின் கயிறு என்று தோன்றவே இல்லை. கயிற்றை நாங்களே அவிழ்த்து எறிந்துவிட்டு, பிஸ்மியின்மீது பழி போடப் பார்த்தோம்.

இன்று அத்தஹிய்யாத்தில் அந்த விரலைத்தான் உயர்த்துகிறார் தம்பி. பக்கத்தில் அமர்ந்திருக்கும் அண்ணனின் பார்வை சஜ்தா செய்யும் இடத்தை விட்டு ஒரு கணம் அங்கே போய்விடுகிறது. அல்லாஹ் மன்னிப்பானாக.

ஆசாரியாரின் பத்து விரல்கள்

ஊருக்குக் கார்க் கதவுக் கதை சொன்னோம். பட்டறை பூட்டிக் கிடந்தது. ஆறேழு மாதம் கழித்து, எங்கள் தெருவில் சபரிலிருந்து வந்த ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். "காக்கா, நீங்க செஞ்சிருந்தீங்களே அறுக்குற மேசை, அதே மாதிரி நானும் ஒன்னு செஞ்சிட்டேன். மூடியைக் கழட்டுனாத்தான் சரியா உட்காருது, இல்லையா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார்.

எங்கள் இருவருக்கும் நாக்கு எழவில்லை. பிறகு தம்பி கையை நீட்டி, "கார்க் கதவு இல்ல தம்பி. அந்த மேசைதான்" என்றார். அன்றே அவர் வீட்டுக்குப் போய் மூவருமாக அதைக் கழற்றினோம். எங்களுடையதையும் கழற்றினோம்.

அதன் பிறகே, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். மன்னார்குடிச் சாலையில் ஒரு கிராமத்தில் வசிக்கும் முதிய ஆசாரியார், வாப்பா காலம் முதல் எங்கள் வீட்டுக் கதவு நிலைகளுக்கு வந்து போனவர். திண்ணையில் அவருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறோம். வேலையை நின்று பார்த்ததில்லை. நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள், ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள், மஸ்ஜிதுந் நபவியின் மிம்பரை அன்சாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சர் செய்தார் என்றெல்லாம் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வந்து, நம் ஊர்த் தச்சரிடம் கூலியைப் பேரம் பேசியிருக்கிறோம்.

ஆசாரியார் தம்பியின் விரலைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தம் இரு கைகளையும் விரித்து மடியில் வைத்தார். ஐம்பது ஆண்டு வேலை செய்த கைகள். பத்து விரல்களும் இருந்தன.

"நான் கெட்டிக்காரன்னு இல்ல தம்பி. இன்னிக்கும் ரம்பத்தப் பார்த்தா எனக்குப் பயம். பயம் போற அன்னிக்கு வெரலும் போயிரும்" என்றார்.

பத்து நாட்களுக்கு ஒருமுறை வந்தார். முதலில் இயந்திரங்களைத் தொடவே விடவில்லை. உளி தீட்டக் கற்பித்தார். மழுங்கிய உளிக்குத்தான் பலம் கொடுத்து அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கையில் இறங்கும். எனவே கூரான உளியே பாதுகாப்பானது. உளி போகும் வழியில் மற்றக் கை இருக்கக்கூடாது. வேம்பின் ரேகை ஒரே பக்கமாக ஓடாமல் எதிரெதிராகப் பின்னிச் செல்லும். ஆகையால் இழைப்புளியைச் சற்றுச் சாய்த்து, மெல்லிய சீவலாக எடுக்கவேண்டும் என்று காட்டினார்.

மரம் காயவைப்பதையும் அவரிடமே கற்றோம். நேர்வெயில் ஆகாது, நிழலும் காற்றோட்டமும் வேண்டும். பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கவேண்டும். நீர் முனைகளின் வழியே விரைவாக வெளியேறி மரத்தைப் பிளக்கும். ஆகவே முனைகளில் பெயிண்டோ மெழுகோ பூசவேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஐயம் இருந்தால் ஒரு பலகையை வாரந்தோறும் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள்; எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

பிறகு ரிஹாலுக்கு வந்தோம். எங்கள் இரும்புக் கீலைப் பார்த்துவிட்டு, "ஒத்தப் பலகையில வருமே இது" என்றார். ஒரே பலகையின் குறுக்கே கோடு போட்டு, அந்த இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு முகங்களிலிருந்தும் கணுக்களை உளியால் செதுக்கவேண்டும். பின்னர் இரு முனைகளிலிருந்தும் கனத்தின் நடுவே கைரம்பத்தால் அறுத்துக்கொண்டு கணுவரை வரவேண்டும். சரியாக வந்திருந்தால் பலகை தானே இரண்டாக விரிந்து நிற்கும். ஆணி இல்லை, திருகாணி இல்லை, பசை இல்லை. அவசரப்பட்டு ஒரு கணுவை ஆழமாக வெட்டிவிட்டால் முழுப் பலகையும் வீண். நாங்கள் ஏழு பலகைகளை வீணாக்கினோம். எட்டாவது விரிந்தது.

ஒரு ரிஹாலுக்கு நான்கைந்து நாட்கள். இருபது முடிய ஓராண்டு ஓடிவிட்டது. யாருக்கும் தேதி சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் தொடங்கிய நோன்புக்கு அவை மக்தபுக்குப் போய்ச் சேர்ந்தன. சாக்குக்குள் மூடியிருந்த பழைய ரிஹால்களையும் உம்மாவிடம் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டோம். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள்.

எங்கள் பட்டறைச் சுவரில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. மூடி கழற்றிய இயந்திரம் ஓடாது. சிறு துண்டைக் குச்சியால்தான் தள்ளவேண்டும், கையால் அல்ல. கைலியோடும் தொங்கும் சட்டைக் கையோடும் உள்ளே வரக்கூடாது. கண்ணாடியும் மூக்குக் கவசமும் இல்லாமல் வேலை இல்லை. பாங்குக்கு அரை மணி நேரம் முன்பே சுவிட்சை அணைக்கவேண்டும். தனியாக யாரும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. பிள்ளைகள் உள்ளே இருந்தால் பிளக்கைப் பிடுங்கி வைக்கவேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் ஏதோவொரு நாள் எங்களுக்குப் பட்ட அடி.

அன்று கழற்றிய மேசையின் சொந்தக்காரரான இளைஞர், இப்போது விடுமுறை நாட்களில் எங்களோடு உளி பிடிக்கிறார். ஆசாரியாருக்குப் பார்வை மங்கிவிட்டது. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டதென்று சொல்கிறார். புதிதாகப் பட்டறை போட எண்ணும் சகோதரர்கள், கருவி வாங்குமுன் ஒருமுறை வந்து பாருங்கள். தம்பி தம் விரலைக் காட்டுவார்.

வாப்பாவின் மறுமை வாழ்வுக்காகவும், எங்கள் ஆசாரியாரின் உடல் நலத்துக்காகவும், கைத்தொழில் செய்து பிழைக்கும் அனைவரின் பாதுகாப்புக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.